கீழ்வீட்டுக்காரி வாய் திறக்கிறாள்

"வாயை மட்டும் அசைச்சுராத இந்திராணி, அசைச்சா ஓரம் பிரிஞ்சுக்கும், அப்புறம் முதல்லேருந்து ஒட்டணும்" என்று சொல்லிவிட்டு மேக்கப்மேன் சவரிமுத்து பசைத் தூரிகையை எடுத்தார். அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்குப் பேச வேண்டும் போலிருந்தது. காலையில் கேரவனுக்குள் ஏறி இட்லி தின்று, சவரிமுத்துவின் மகளுக்கு வந்த வரன் தட்டிப்போன கதையைக் கேட்டு உம் கொட்டி, ஏசி போதுமா என்று கேட்ட பையனுக்குப் போதும் என்று சொல்லி, அத்தனை நேரமும் வாய் அவளுடையதாகத்தான் இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். டைரக்டர் நவநீதன் படியில் ஒரு காலை வைத்து எட்டிப்பார்த்து "சாப்ட்டீங்களாம்மா" என்று கேட்டானே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாப்பிட்டேன் தம்பி என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். சாப்பிட்டேன் தம்பி, அந்த ரெண்டு பக்க வசனம் எனக்கு வேண்டாம், முன்னே மாதிரி என்னைச் சும்மா நிற்க விடு என்று சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். நேற்று பூராவும் மாவாட்டும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிப் பார்த்துப் பழக்கி வைத்திருந்தது, பிள்ளை வந்து நின்றதும் அவன் முகத்தைப் பார்த்து உள்ளே போய்விட்டது. நல்ல பிள்ளை. கெட்ட பிள்ளையாக இருந்தால் சண்டை போடலாம். இப்போது தாடையில் மும்பையில் அளவெடுத்துச் செய்த சிலிகான் துண்டு ஜில்லென்று உட்கார்ந்திருக்கிறது, கன்னத்துக்கு ஒன்று, உதட்டைச் சுற்றி ஒன்று. மதியம் ஷாட். நாளைக்கு இந்தச் சமையலறை செட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் கோயில் செட் போடப்போகிறார்கள். அதனால் இன்றைக்கு எடுத்தால் எடுத்ததுதான். சவரிமுத்து ஹேர் டிரையரை முகத்துக்கு நேரே பிடித்தார். அவர்களுக்குள் பழைய பாஷை ஒன்று உண்டு, ஒரு விரலைத் தூக்கினால் தண்ணீர், இரண்டு விரல் என்றால் பாத்ரூம், கையை விசிறினால் எங்கேயோ அரிக்கிறது என்று அர்த்தம். வசனம் வேண்டாம் என்பதற்கு விரல் எதுவும் இல்லை.

இது இரண்டாம் பாகம், முதல் படத்தில் இந்தப் பாடெல்லாம் கிடையாது. ஈரச் சோப்பை அவள் புருவத்தின் மேல் அழுத்தித் தேய்த்து, காய்ந்ததும் பவுடரைப் பூசி, புருவமே இல்லாமல் பண்ணிவிட்டார் சவரிமுத்து. மேக்கப் என்றால் அவ்வளவுதான். கண்ணாடியில் தன் முகம்தான் தெரிந்தது, ஆனால் அதிலிருந்து எதையோ எடுத்துவிட்டிருந்தார், எது என்று சட்டென்று பிடிபடவில்லை. 'கீழ்வீடு' என்று படத்துக்குப் பேர். மாடியில் ஒரு குடும்பம் குடிவருகிறது, கீழே பூட்டிக் கிடக்கிற வீட்டின் சமையலறையில் மத்தியான வெயில் நேரத்தில் ஒருத்தி முதுகைக் காட்டி நின்று அரிசி களைகிறாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம், அரிசியைத் துழாவுகிற சத்தம். யார், எதற்கு, ஒன்றும் கிடையாது. படம் முழுக்கத் துண்டு துண்டாகத்தான் வருவாள், ஒரே ஒரு தடவை திரும்புவாள், வாயே திறக்கமாட்டாள். எழுதி எடுத்தவர் மாசிலாமணி என்று ஒரு மனிதர், ஒல்லி, சட்டைப் பையில் சோம்பு வைத்து மென்றுகொண்டே இருப்பார். முதல் நாள் அவரிடம் போய், சார், நான் யாரு, எதுக்கு அரிசி களையிறேன், மனசுல என்ன நெனைச்சுக்கட்டும் என்று கேட்டாள். பெரிய நடிகைகள் அப்படியெல்லாம் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். மாசிலாமணி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஒண்ணும் நெனைக்க வேணாம்மா. அரிசில கல்லு கெடக்கு, அதைப் பொறுக்குங்க. கண்ணால பார்க்காதீங்க, விரலால தேடுங்க" என்றார். நிஜமாகவே கல் போட்டிருந்தார் அந்தப் புண்ணியவான். தேடினாள். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. விரல் நுனியில் கல் தட்டுப்பட்டபோது தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்ததாம், அது அவளுக்கே தெரியாது. பக்கத்தில் லைட்டைப் பிடித்துக்கொண்டிருந்த துரைக்கண்ணு அடுத்த நாளிலிருந்து அந்த அறைக்குள் வரவில்லை, வேறு ஆளை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் பீடி குடித்தான். தியேட்டரில் பார்த்தபோது அவளே முன் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் சஞ்சீவி, அச்சாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், கடவுளையே பெரிதாக மதிக்காதவர், அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவள் அடுப்படியில் அரிசி களையும்போதெல்லாம் நிலைப்படியில் வந்து நின்று "லைட்டைப் போட்டுக்கயேன்" என்பார். பட்டப்பகலில். அவள் வேண்டுமென்றே திரும்பாமல் நிற்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அவளைப் பார்த்து ஓரடி பின்னால் போனது அந்தக் கொஞ்ச நாள்தான், அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

கேரவன் கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது. உதவி இயக்குநர் யாழினி, கழுத்தில் ஐடி கார்டு, கையில் அப்போதுதான் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்த தாள், இன்னும் சூடு ஆறியிருக்காது. "அம்மா, சீன் இப்பதான் ஃபைனல் ஆச்சு. ராத்திரி அனுப்புனதை மறந்துருங்க. நான் படிக்கறேன், நீங்க அப்படியே கேட்டுக்கங்க, பேச வேண்டாம்" என்று எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். பேச வேண்டாமாம். இந்திராணி கண்ணை மூடித் திறந்தாள், சரி என்று அர்த்தம், மூடித் திறந்ததற்கு வேறு அர்த்தமும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் யாரும் எடுப்பதில்லை. சத்தியமாகச் சொன்னால் அந்தத் தாளைப் பார்த்ததும் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. விருதுநகரிலிருந்து ரயிலேறி வந்து எத்தனை படம், எத்தனை கூட்டம். கல்யாண வீட்டில் மூன்றாவது வரிசை, சாவு வீட்டில் மாரடிக்கிற வட்டம், பஞ்சாயத்து சீனில் ஆலமரத்தடி. அங்கே மட்டும் ஆமாங்க ஆமாங்க என்று எல்லாரோடும் சேர்ந்து சொல்ல விடுவார்கள். ஒரு தடவை ஆஸ்பத்திரி சீனில், டாக்டர் உள்ள இருக்காரு என்று ஒரு வரி அவளுக்குக் கிடைத்தது, அதையும் டாக்டரே வெளியே வந்து நின்றால் போதும் என்று வெட்டிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்த வரியை வெவ்வேறு மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள், டாக்டர் உள்ள இருக்காரு, உள்ளதாங்க இருக்காரு டாக்டரு. இப்போது ரெண்டு பக்கம். சஞ்சீவி தெருவெல்லாம் சொல்லிவிட்டார், டீக்கடையில் சொல்லிவிட்டார், எங்க வீட்டம்மாவுக்கு இந்த வாட்டி டயலாக் இருக்கு என்று. அதனால்தானே காலையில் வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல நினைத்த வாய்க்குள்ளேயே வேண்டும் என்கிற ஆசையும் உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வாசலில் மாட்டிக்கொண்டன.

"நானும் ஒரு தாய்தான்டா" என்று யாழினி ஆரம்பித்தாள். குரலை உயர்த்தாமல், ரேஷன் கடையில் பெயர் வாசிப்பது போல வாசித்தாள். நானும் ஒரு தாய்தான்டா, என் புள்ளை பசிக்குதுன்னு அழுதப்போ அரிசி களைஞ்சுட்டு நின்னவடா, களைஞ்ச அரிசி உலையில விழறதுக்குள்ள என் புள்ளையைக் கிணத்துல வீசுனீங்களேடா. அரிசியைக் களையலாம், என் நெஞ்சுல இருக்கிற கறையைக் களைய முடியுமா. "இந்த இடத்துல கைதட்டு விழும்மா, கொஞ்சம் கேப் விட்டுப் பேசுங்க" என்று யாழினி தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். சவரிமுத்து தாடையோரத்தை விரலால் அமுக்கினார். கிணறு, சரி. இரண்டாம் பாகத்தில் கீழ்வீட்டுக்காரிக்குப் பேர் வைத்துவிட்டார்கள், அன்னலட்சுமி. குடிகாரப் புருஷன் வைத்தாகிவிட்டது, இடத்தை அபகரிக்க வந்த பில்டர் வைத்தாகிவிட்டது, பேயோட்ட வருகிற இரண்டு காமெடிப் பூசாரிகள் கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறார்கள், பில்டரைப் பழிவாங்கியதும் அன்னலட்சுமி அம்மன் காலில் விழுந்து வெளிச்சமாகப் போய்விடுகிறாள். காதல் ஜோடிக்கு அவள் ஆசீர்வாதம் செய்வதாகக்கூட ஒரு ஷாட் இருக்கிறது. ஆசீர்வாதம் செய்கிற கையைப் பார்த்து எவன் பயப்படுவான். இதெல்லாம் எந்தப் பிள்ளையின் புத்தியில் உதித்தது என்று கேட்க இந்திராணிக்கு வாயும் இல்லை, கேட்கவும் முடியாது. ஏனென்றால் பிள்ளை பசிக்கு அழுதது, அரிசி உலையில் விழுவதற்குள், கிணறு, இது மூன்றும் அவள் சொன்னது. வார்த்தை மாறாமல் அவள் சொன்னது. கைவிரல் நாற்காலியின் ரெக்ஸினைக் கிள்ளியது. சவரிமுத்து "அரிக்குதா" என்றார்.

படம் தொடங்குவதற்கு முன்னால், வடபழனியில் ஒரு ஹோட்டல் அறை. கதை விவாதம் என்று கார் அனுப்பிக் கூப்பிட்டார்கள், அவளை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்றே புரியவில்லை. கட்டிலில் நவநீதனும் எழுதுகிற பிள்ளைகளும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், சுவரெல்லாம் கலர் கலராகச் சீட்டு ஒட்டியிருந்தது, ஆஷ்ட்ரே நிரம்பி வழிந்தது. மாசிலாமணி இல்லை. இரண்டாம் பாகமா, அவ அரிசி களைஞ்சா, முடிஞ்சுது, அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்லைய்யா என்று தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம், இப்போது ஆறு பெண்கள் வாயே மூடாமல் பேசுகிற ஒரு மெகா சீரியலுக்கு எழுதுகிறாராம், பிழைக்க வேண்டுமே. பிள்ளைகள் எழுந்து நின்று அவளுக்கு நாற்காலி போட்டார்கள். வடை வந்தது, காபி வந்தது. நவநீதன் தரையில், அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, ஆடியன்ஸ் எல்லாரும் கேக்கற ஒரே கேள்வி, அவ ஏன் பேயானா? நீங்கதானே அவளா நின்னீங்க. உங்க மனசுல அவளுக்கு என்ன கதை ஓடுச்சு?" என்று கேட்டான். கதையா. கல்தானே ஓடியது. கல்தான் தம்பி, வேற ஒண்ணுமில்ல என்று சொல்லியிருந்தால் எழுந்து வந்திருக்கலாம், காரில் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். ஆனால் சினிமாவில் ஒருத்தரும் அதுவரை அவளிடம், உன் மனசில் என்ன ஓடியது என்று கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், பேட்டா வாங்கிவிட்டாயா என்று கேட்பார்கள். அத்தனை கண்ணும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருத்தன் போனில் ரிக்கார்டு போட்டு வடைத் தட்டின் பக்கத்தில் வைத்தான். சொன்னாள். அவளுக்கு ஒரு புள்ளை இருந்திருக்கும் தம்பி என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகு அது பாட்டுக்கு வந்தது, அவள் மூன்றாவது வரிசையில் நின்று வேடிக்கை பார்த்த படங்களிலிருந்தெல்லாம் வந்தது. எந்தப் படத்திலோ கிணறு, எந்தப் படத்திலோ பசித்த பிள்ளை, எதிலோ மழையில் தலைவிரிகோலமாக ஓடுகிற தாய். யாரோ எழுதி யாரோ அழுததையெல்லாம் எடுத்துத் தன் மனசில் ஓடியது மாதிரி சொன்னாள். பிள்ளைகள் கண் கலங்கினார்கள். நவநீதன் எழுந்து அவள் கையைப் பிடித்து "இதாம்மா படம்" என்றான். காரில் வரும்போது ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள் கிறுக்கச்சி.

அன்றைக்கு ராத்திரியே தெரிந்துவிட்டது, என்னவென்று தெரியாமல் தெரிந்தது. அடுப்படியில் அரிசி களையக் கையை விட்டாள், அந்தப் பிள்ளை வந்து நின்றது. கையை எடுத்தாள், மறுபடி விட்டாள், மறுபடி கிணறு. முன்பெல்லாம் தண்ணீருக்குள் கை போனால் ஒன்றுமே இருக்காது, அரிசி இருக்கும், கல் இருக்கும், பின்னால் யாரோ நிற்கிற மாதிரி ஒரு சில்லிப்பு இருக்கும். அது போய்விட்டது. சஞ்சீவி பின்னால் வந்து செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு போனார், லைட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் பயம் தெளிந்து மாசக்கணக்காகியிருக்கும், ஆனால் அவளுக்கு என்னவோ அன்றைக்குத்தான் தெளிந்ததாகப் பட்டது. கேரவனில் யாழினி இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். புருஷனைப் பற்றி ஒரு பத்தி, பில்டரைப் பற்றி ஒரு பத்தி, இந்த நாட்டில் ஏழைக்குச் சொந்த வீடு கனவாகவே போய்விட்டதைப் பற்றி ஒரு பத்தி. தியேட்டர் கண் முன்னால் வந்தது. இருட்டில் நாலாவது வரிசையிலிருந்து ஒரு பயல் சத்தமாகச் சொல்வான், பசிக்குதா ஆத்தா, பிரியாணி சொல்லவா. எல்லாரும் சிரிப்பார்கள். எழுதுகிற பிள்ளைகளைப் பார்த்தா சிரிப்பார்கள், இல்லை, திரையில் அவள் முகம்தானே இருக்கும், இவ்வளவு பெரிதாக. ஐஸ்கிரீம் வாங்கப் போவார்கள். சின்னப் பிள்ளைகள் அப்பா மடியில் முகத்தைப் புதைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கும். அதற்கப்புறம் பழைய படத்தை டிவியில் போடும்போதும், அரிசி களைகிற முதுகைப் பார்த்து, இவளா, இவ புள்ளையைக் கிணத்துல போட்டுட்டாங்க, பாவம் என்பார்கள். இந்த வசனம் பின்னோக்கிப் போய் அந்தப் படத்தையும் கெடுத்துவிடும். பாவம் என்று சொல்ல உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவளையே சொல்லியிருக்கிறார்கள், வாடகை வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், சொந்தக்காரக் கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது சொல்லியிருக்கிறார்கள். பயம் என்று சொல்ல வைத்தது அந்த ஒரு முதுகுதான். அதை இரண்டு பக்கத் தாளுக்குக் கொடுத்துவிட வேண்டுமா. ஆனாலும் குரல் இருக்கிறது, தன் குரலைத் திரையில் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், பாழாய்ப்போன ஆசை, அன்னலட்சுமியாவது மண்ணாங்கட்டியாவது, தன் குரல்.

"லென்த்தா இருக்கேன்னு பயப்படாதீங்கம்மா" என்று யாழினி தாளை மடித்தாள். "மறந்தாலும் பரவாயில்ல. பின்னாடி நின்னு நான் எடுத்துக்குடுக்கறேன், நீங்க வாயை அசைச்சாப் போதும். டப்பிங்ல வேற ஒருத்தங்க பேசறாங்க, பேய்க்கு நல்ல கட்டையான பேஸ் வாய்ஸ், சொல்லி வெச்சாச்சு." சவரிமுத்துவின் தூரிகை ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. இந்திராணி இரண்டு கையையும் தூக்கினாள். தண்ணீரா என்றார் சவரிமுத்து. இல்லை என்று கையை ஆட்டினாள். பாத்ரூமா. இல்லை. யாழினி பதறிப்போய் ஏசியைக் கூட்டினாள், ஏசியைக் குறைத்தாள், போர்வையைக் கொண்டுவந்து முழங்காலில் போர்த்தினாள். எவ்வளவு தங்கமான பிள்ளைகள். என் குரல் இல்லையா அது, அப்புறம் எதற்கு நான் பேச வேண்டும் என்பதை எந்த விரலால் சொல்வது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது, வந்தால் கன்னத்துத் துண்டு ஊறிவிடும், சவரிமுத்துவின் காலை வேலையெல்லாம் வீண். அண்ணாந்து கேரவன் கூரையில் எரிகிற சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். வாசலில் மாட்டிக்கொண்ட இரண்டில் ஒன்று விலகிவிட்டது. இனி ஒன்றுதான் வெளியே வர வேண்டும், பசை காய்ந்ததும் வந்துவிடும்.

பசை காய்ந்தது. சவரிமுத்து "இப்ப மெதுவாப் பேசிப்பாரு" என்றார். அவள் "அண்ணே" என்றாள், அடுத்த அறையிலிருந்து யாரோ கூப்பிடுவது போலக் கேட்டது. கண்ணாடியில் சதை உருகித் தொங்குகிற, நரம்பு பச்சையாகப் புடைத்த ஒன்று உட்கார்ந்திருந்தது. திறமையான வேலை. பார்த்தவுடனே பேய் என்று தெரிந்தது, தெரிந்துவிட்டதால் அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. புரொடக்ஷன் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள், துரைக்கண்ணுகூட வந்தான், தோளில் கை போட்டு "அக்கா, என் மருமகளுக்கு அனுப்பணும்" என்றான். தோளில் கை போட்டான். அப்போது நவநீதன் வந்து கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கைகூப்பினான். "அம்மா, மிரட்டிட்டீங்க." இதுதான் சமயம். "தம்பி" என்றாள். "அந்த வசனம்."

"சொல்லுங்கம்மா."

"அது வேண்டாமே தம்பி. நான் சும்மா நிக்கறேன். அரிசி களையிறேன். முன்னாடி செஞ்ச மாதிரி."

நவநீதன் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், ஹோட்டல் அறையில் உட்கார்ந்த மாதிரியே. "பயமா இருக்காம்மா? நான் இருக்கேன்ல. எத்தனை டேக் வேணா போகலாம்."

"பயமில்ல தம்பி. அவ பேசக்கூடாது. பேசுனா..." பேசினால் என்ன ஆகும். சற்று முன்னால் வாய் ஒட்டிக் கிடந்தபோது எவ்வளவு தெளிவாக இருந்தது, தியேட்டர், நாலாவது வரிசை, முதுகு, இப்போது சொல்லப் போனால் ஒரு வார்த்தையும் வாய்க்கு வரவில்லை. முப்பது வருஷம் கூட்டத்தில் நின்றவளுக்கு ஆமாங்க என்று சொல்ல வரும், இல்லைங்க என்று சொல்லி அதற்குக் காரணமும் சொல்ல எங்கே கற்றுக்கொண்டாள். "பேசுனா நல்லாருக்காது தம்பி" என்று முடித்தாள்.

"அம்மா, இந்த சீன்தாம்மா படமே. ஃபைனான்சியர் இந்த ஃப்ளாஷ்பேக்கைக் கேட்டுட்டு அழுதாரு. அதுவும் இது நாங்க எழுதுனதா? நீங்க சொன்னதும்மா. அந்த ரிக்கார்டு இன்னும் என் போன்ல இருக்கு. டைட்டில்ல கூட உங்க பேருக்கு நன்றி போடறோம்." பாராட்டாகத்தான் சொன்னான். முகத்தில் ஒரு சூதும் இல்லை. நான் அதைப் படங்களில் பார்த்துச் சொன்னேன் தம்பி, என் மனசில் கல்தான் இருந்தது என்று இப்போது சொன்னால் அந்த முகம் என்ன ஆகும். சரி தம்பி என்றாள். அவன் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

கேரவனிலிருந்து ஷூட்டிங் ஃப்ளோருக்குப் போகிற வழியில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நின்றாள், செருப்பு மாட்டிக்கொண்ட மாதிரி குனிந்தாள். இரண்டு பொடிக்கல் கையில் வந்தது. எதற்கு எடுத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை, மிட்டாய் திருடின பிள்ளை மாதிரி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். உள்ளே சமையலறை செட்டில் புகை போட்டிருந்தார்கள், நீல வெளிச்சம், சுவரில் வேண்டுமென்றே வரைந்த விரிசல். முதல் படத்தில் வெறும் வெயில்தான், ஜன்னல் வழியாகப் பாத்திரத்தில் விழுந்தது. பித்தளைப் பாத்திரத்தில் பாக்கெட் அரிசி, பல் போல வெள்ளை, ஒரு தூசி கிடையாது. யாரும் பார்க்காதபோது கல்லை உள்ளே போட்டு ஒரு கலக்குக் கலக்கினாள். ஆக்ஷன் என்று நவநீதன் மெதுவாகத்தான் சொன்னான். குழாய் திறந்தது. கையை விட்டாள். பிள்ளை வந்தது, கிணறு வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டு விரலை மட்டும் அனுப்பினாள். அரிசி நழுவியது, அரிசி, அரிசி. தண்ணீர் சில்லென்று மணிக்கட்டு வரைக்கும் ஏறியது. கிணறு எங்கேயோ போயிற்று. பேர் போயிற்று, அன்னலட்சுமி, இந்திராணி, இரண்டும். பின்னால் யாரோ நிற்கிற மாதிரி முதுகில் அந்தச் சில்லிப்பு வந்தது, எத்தனை நாளாயிற்று, அப்போது விரல் நுனியில் ஒன்று தட்டியது. ஃப்ளோரில் யாரோ வந்த இருமலை விழுங்கிக்கொண்டார்கள். அவள் தலை தானாகச் சாய்ந்தது. லைட்டுக்குப் பக்கத்தில் துரைக்கண்ணு காலை நகர்த்தி ஓரடி பின்னால் வைத்தது அவளுக்குக் கேட்டது. இப்படியே இருக்கட்டும், இன்னும் கொஞ்சம், இன்னொரு கல் இருக்கிறது.

"நானும் ஒரு தாய்தான்டா" என்று காமிராவுக்குப் பின்னாலிருந்து யாழினி மெல்ல எடுத்துக்கொடுத்தாள். அவள் அசையவில்லை. "அம்மா, 'நானும் ஒரு தாய்தான்டா', என் புள்ளை பசிக்குதுன்னு..." குரலில் அவ்வளவு பரிவு, பரீட்சையில் விடை மறந்துபோன தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுப்பது போல. அவளைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று இன்னும் மெதுவாக, இன்னும் தெளிவாக, மூன்றாவது தடவையும் சொன்னாள். கல் விரலிலிருந்து நழுவியது. இந்திராணி திரும்பினாள், நானும் ஒரு தாய்தான்டா என்றாள், அதற்கப்புறம் ஒவ்வொரு வரியாகப் பின்னாலிருந்து வந்தது, ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். கறையைக் களைய முடியுமா என்றபோது நிஜமாகவே அழுகை வந்துவிட்டது, வந்த காரணம் வேறு. கட் சொன்னதும் ஃப்ளோரே கைதட்டியது. துரைக்கண்ணு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க பெரியக்காவை நெனைச்சுட்டேன்க்கா, பாவம் அதுவும் இப்படித்தான்" என்றான். சஞ்சீவி இங்கே இருந்தால் அவரும் கைதட்டியிருப்பார்.

"சூப்பர்ம்மா, ஒன் மோர் மட்டும் போயிரலாம்" என்று நவநீதன் ஓடிவந்தான். "ஆரம்பத்துல டயலாக் மறந்து நின்னுட்டீங்க பாருங்க, அந்த கேப் மட்டும் வேண்டாம். இந்த வாட்டி யாழினி ஆக்ஷனுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுருவா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க." சவரிமுத்து வந்து கண்ணுக்குக் கீழே ஒற்றி எடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆர்ட் டிபார்ட்மென்ட் பெண் ஒருத்தி பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேறு அரிசி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "ரெண்டு கல்லு கெடந்துச்சும்மா, கையில குத்தியிருக்கும், நீங்க சொல்லவே மாட்டேங்கறீங்க" என்று அவள் புறங்கையைத் தடவிக்கொடுத்தாள். "எடுத்துப் போட்டுட்டேன்." இந்திராணி குழாயடியில் போய் நின்றாள். கையை உள்ளே விட்டாள். அடி வரைக்கும் விட்டுத் துழாவினாள், ஓரமெல்லாம் துழாவினாள், வெறும் அரிசி. ரெடியாம்மா என்று கேட்டார்கள். அவள் திரும்புவதற்குள் யாழினி முதல் வரியை எடுத்துக்கொடுத்தாள்.